கொள்ளைநோய்க் காலமும் கருவுற்ற தாயும்

கொள்ளைநோய் ஒன்று நாட்டினுட் புகுந்துவிட்டால் மனிதன் தன் அலுவல்களுட் பலவற்றை ஒத்திவைத்து விடுகிறான். பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன, பரீட்சைகள் பிற்போடப்படுகின்றன, தேரோட்டம் நிற்கிறது, நாள் குறித்த கல்யாணங்களும் அடுத்த நல்ல முகூர்த்தத்துக்காகக் காத்திருக்கின்றன. 2020 ஆம் ஆண்டிலே இவையனைத்தையும் நாம் நம் கண்ணாற் கண்டோம். ஆயின், எந்த அரசாங்கக் கட்டளையாலும், எந்த ஊரடங்குச் சட்டத்தாலும் ஒத்திவைக்க முடியாத காரியம் ஒன்று உண்டு. தாயின் வயிற்றிலே வளருங் கரு தன் நாட்கணக்கைத் தவறவிடுவதில்லை. நாற்பது வாரம் என்றால் நாற்பது வாரந்தான். வெளியே நோய் உலாவுகின்றது என்பதற்காக அது ஒரு நாளேனும் தாமதித்து வளர்வதில்லை.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அது வெறும் அலங்காரப் பேச்சன்று. கண்டறிந்த துயரத்திலிருந்து பிறந்த சொல். அந்தத் துயரத்தை இந்நாட்டிலே பெருமளவு குறைத்தது எது? கொள்ளைநோய்க் காலத்திலே அந்தக் காவல் தளர்ந்தால் விளைவது யாது? பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருக்கும் குடும்பத்தார் யாவரும், நாளைய குடும்பத் தலைவர்களாகிய மாணவர்களும் இவற்றை அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

கர்ப்பகாலக் காவல்

கருவுற்ற பெண்ணை மகப்பேற்றுக்கு முன்னரே, நோயேதும் இல்லாதபோதே, வைத்தியர் ஒழுங்காகப் பார்த்துவர வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில், ஜோன் வில்லியம் பலன்டைன் என்னும் வைத்தியர் இவ்வெண்ணத்தை வலியுறுத்தினார். அவருடைய முயற்சியால் 1901 ஆம் ஆண்டில் அங்குள்ள மகப்பேற்று மருத்துவமனையிலே கருவுற்ற பெண்களுக்கெனத் தனியே ஒரு கட்டில் ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு கட்டில்! இன்று உலகெங்கும் நடைபெறும் கர்ப்பவதிகள் கிளினிக்குகளுக்கு அந்த ஒற்றைக் கட்டிலை ஒரு வித்தென்றே சொல்லலாம்.

கிளினிக்கிலே நடப்பதைப் பார்த்தால் அது மிகச் சாதாரணமாகவே தோன்றும். நிறை பார்க்கிறார்கள், கையிலே பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் அளக்கிறார்கள், சிறுநீரைச் சோதிக்கிறார்கள், வயிற்றைத் தொட்டு அளந்து பார்க்கிறார்கள், சிறிது இரத்தம் எடுக்கிறார்கள், குளிகைகள் கொடுத்து அனுப்புகிறார்கள். இதற்காகவா காலை முழுவதும் வாங்கிலே காத்திருப்பது என்று சலித்துக்கொள்வோரும் உளர். ஆயினும் இச்சிறு செயல்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் உயிராபத்து மறைந்து நிற்கின்றது. இரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரிற் புரதம் தோன்றுமாயின், தாயை வலிப்பிலே தள்ளக்கூடிய நோய் நெருங்கி வருகின்றது என்பது பொருள். இரும்புச்சத்துக் குளிகை இரத்தச் சோகையைத் தடுக்கிறது. இரத்தச் சோகையுள்ள தாய் பிரசவ வேளையில் ஏற்படும் இரத்தப் போக்கைத் தாங்கமாட்டாள். போலிக்கமிலம் குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் பழுதின்றி அமையத் துணை செய்கின்றது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றக்கூடிய கிரந்தி முதலிய நோய்களை இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கின்றது.

இறுதியிற் கூறிய இதனால் இலங்கை பெற்ற பெருமை சிறிதன்று. தாயிடமிருந்து சேய்க்குக் கிரந்தியும் எச்.ஐ.வி. தொற்றும் பரவுதலை ஒழித்த நாடு என, 2019 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கருவுற்ற தாய்மாரைத் தவறாது இரத்தப் பரிசோதனைக்கு உட்படுத்தியதன் பயன் அது. சான்றிதழின் மை உலருமுன்னரே கொரோனா வந்து சேர்ந்தது.

நம் நாடு கண்ட பழைய கொள்ளைநோய்

கொள்ளைநோயும் கருவுற்ற தாயும் ஒருங்கே நின்ற காட்சி இத்தீவுக்குப் புதியதன்று. 1934 ஆம் ஆண்டிலே பருவமழை பொய்த்தது. நிறைந்து ஓட வேண்டிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளிலே மலேரியாவைப் பரப்பும் நுளம்புகள் பல்கின. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட மலேரியா, 1935 ஆம் ஆண்டிலும் நீடித்து, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. கேகாலை, குருநாகல் ஆகிய மாவட்டங்கள் பெரிதும் துன்புற்றன.

அக்காலத்திலே வைத்தியர் விக்கிரமசூரிய என்பவர், மலேரியாவால் வருந்திய கருவுற்ற தாய்மாரைக் கொழும்பிலே நுணுகி ஆராய்ந்து எழுதினார். கருவுற்றவளை மலேரியா எவ்வளவு கடுமையாகத் தாக்குகின்றது என்பதையும், நோய்க் கிருமிகள் தாயின் இரத்தத்திலிருந்து சேயின் இரத்தத்தினுட் செல்லக்கூடும் என்பதையும் அவர் விளக்கினார். 1930 களில் இந்நாட்டிலே உயிருடன் பிறந்த ஒவ்வோர் 100,000 குழந்தைகளுக்கும் 2,000 க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அதாவது, ஏறத்தாழ ஐம்பது பிரசவங்களுக்கு ஒரு தாய் என்னும் விகிதம். ஐம்பது வீடுகள் கொண்ட ஒழுங்கையை மனக்கண்ணிற் கொண்டுவந்து பார்த்தால் இக்கணக்கின் கொடுமை விளங்கும். அண்மைக் காலத்தில் இத்தொகை 100,000 க்கு 30 முதல் 40 வரையிலேயே நின்றது.

இம்மாற்றத்தை எந்த ஒரு மருந்தும் தனியாகச் செய்துவிடவில்லை. 1879 இல் கொழும்பிலே த சொய்சா மகப்பேற்று இல்லம் தோன்றிற்று. 1898 இல் யாழ்ப்பாணத்து இணுவிலிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியட் மருத்துவமனை எழுந்தது. எனினும், மருத்துவமனைக்கு வந்தவர்களை மாத்திரம் பார்ப்பதோடு நில்லாது, வராதவர்களைத் தேடி வீடு வீடாகச் செல்லும் முறை 1926 ஆம் ஆண்டில் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டதுடன் வேரூன்றியது. இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நாடெங்கும் உள்ளன. அவற்றின் கீழே, நாம் 'மருத்துவ மாது' என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள், தத்தமக்கு உரிய சில ஆயிரம் மக்களைத் தம் பதிவேட்டிலே வைத்துக் காத்து வருகின்றனர். எந்த வீட்டிலே புதுமணப் பெண் வந்திருக்கிறாள், எந்த வீட்டிலே பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

இருவகை ஆபத்து

கொள்ளைநோய்க் காலத்திலே கருவுற்ற தாய்க்கு நேரும் ஆபத்து இருவகைப்படும். ஒன்று, நோயினால் நேருவது. 1918 இன் பெருங் காய்ச்சலின்போது, அமெரிக்காவில் நோயுற்ற கருவுற்ற பெண்கள் 1,350 பேரைப் பற்றித் திரட்டப்பட்ட விபரங்கள் 1919 இல் வெளியாயின. அவர்களுள் நூற்றுக்கு 27 பேர் இறந்தனர் என்று அக்கணக்குச் சொல்கின்றது. கருப்பை மேலெழுந்து நுரையீரல் விரியும் இடத்தைக் குறைக்கின்றது. உடலின் ஒட்சிசன் தேவையோ கூடுகின்றது. ஆதலின், சுவாசத்தைப் பற்றும் நோய்கள் கருவுற்றவளை எளிதில் வருத்துகின்றன. கொரோனாவும் இதற்கு விலக்கன்று.

மற்றையது, நோய்க்கு அஞ்சிக் காவலைக் கைவிடுவதால் நேருவது. இது சத்தமின்றி வரும். இதனைப் பத்திரிகைகளின் அன்றாட மரணக் கணக்கிலே காண முடியாது. 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே மேற்கு ஆபிரிக்காவின் சியராலியோன் நாட்டை எபோலா நோய் வாட்டியது. தொற்றுக்கு அஞ்சிய தாய்மார் மருத்துவமனைகளை அணுகவில்லை. எபோலாவினால் அந்நாட்டில் இறந்தவர் ஏறத்தாழ 4,000 பேர். எபோலா தீண்டாதிருந்தும், மகப்பேற்றுச் சேவையைப் பெறாமையால் மேலதிகமாக இறந்த தாய்மார், பச்சிளங் குழந்தைகள், இறந்து பிறந்த சிசுக்கள் ஆகியோரின் தொகை, குறைத்துக் கணித்தபோதும் 3,600 என ஆய்வாளர் மதிப்பிட்டனர். நோய் கொன்ற தொகைக்கு அச்சம் கொன்ற தொகை ஏறக்குறைய ஈடாகி நின்றது.

2020 இல் நேபாளத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஒன்பது மருத்துவமனைகளிலே செய்யப்பட்ட ஆய்வின்படி, நாடு முடக்கப்பட்ட நாட்களில் அங்கு நிகழ்ந்த பிரசவங்கள் பாதிக்கு மேற் குறைந்துவிட்டன. வந்தவர்களுள்ளும், இறந்து பிறந்த சிசுக்களின் தொகை ஆயிரத்துக்கு 14 இலிருந்து 21 ஆக உயர்ந்தது; பிறந்தபின் இறந்த பச்சிளங் குழந்தைகளின் தொகை ஆயிரத்துக்கு 13 இலிருந்து 40 ஆயிற்று. வராத மற்றைப் பாதிப்பேர் எங்கே பிள்ளை பெற்றனர், அவர்களுக்கு யாது நேர்ந்தது என்பது அக்கணக்கிலே இல்லை.

2020: வெறுமையான கட்டங்கள்

2020 மார்ச் 11 ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோய் என அறிவித்தது. மார்ச் 20 ஆந் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணம் உட்பட ஆறு மாவட்டங்கள் இடர் மிகுந்தனவாகக் கணிக்கப்பட்டன. கொழும்பு, கம்பகா மாவட்டங்களிலே அச்சட்டம் மே 26 ஆந் திகதிவரை இரண்டு மாதத்துக்கு மேலாக நீடித்தது.

இரண்டு மாதம் என்பது அலுவலகத்துக்குச் சிறிய காலமாயிருக்கலாம். கருவுற்றவளுக்கு அது எத்தகையது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தாய் ஒருத்தி மகப்பேற்றுக்கு முன் எட்டு முறையேனும் பார்க்கப்படல் வேண்டும் என்பது 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த நியதி. அவற்றுள் ஐந்து கடைசி மூன்று மாதங்களுக்குள் அமைகின்றன: 30, 34, 36, 38, 40 ஆம் வாரங்களில். மார்ச் 20 ஆந் திகதியன்று முப்பதாம் வாரத்தை அடைந்த கொழும்புத் தாய் ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். மே 26 ஆந் திகதியன்று அவளுக்கு முப்பத்தொன்பதாம் வாரமும் நிறைந்துவிடும். கிளினிக்குக்குப் போகாது வீட்டிலேயே அவள் இருந்துவிட்டால், எட்டிலே நான்கு முறை தவறிப்போகும். தவறக்கூடாத நான்கும் அவையே.

அவளுடைய கர்ப்பவதிப் பதிவு அட்டையிலே நான்கு கட்டங்கள் வெறுமையாய் இருக்கும். முப்பத்து நான்காம் வாரத்திலே அவளுடைய இரத்த அழுத்தம் மெல்ல உயரத் தொடங்கியிருக்கலாம். அதனால் நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. பாதம் சற்று வீங்கினால், கர்ப்பிணிக்கு அது வழக்கந்தானே என்று வீட்டார் ஆறுதல் சொல்வர். தலையிடிக்குப் பற்றுப் போடுவர். உண்மையை அறியவல்லது அந்தக் கைப்பட்டி ஒன்றே. அது பூட்டிய கட்டடத்தினுள்ளே கிடக்கின்றது.

கிளினிக்கின் கதவை மூடுவது எளிது. அதனால் மூடப்படுவது இத்தகைய தாயின் கண். ஆகவேதான் கொள்ளைநோய்க் காலத்திற் கர்ப்பகாலக் காவல் அவசர சேவைகளுள் ஒன்றாகக் கருதப்படல் வேண்டும் என்கிறோம்.

இந்நாட்டிலே அக்காவல் முற்றாக அறுந்துவிடாது நின்றமைக்குக் காரணம், மேலே கூறிய பதிவேடுகளும் அவற்றைக் கையிற் கொண்ட பெண்களுமே. ஆட்களைக் கூட்டமாகச் சேர்க்காது, நேரங் குறித்துச் சிலர் சிலராக அழைத்துக் கிளினிக்குகள் மீண்டும் நடத்தப்பட்டன. மருத்துவ மாதர் தொலைபேசியிலே தாய்மாரை விசாரித்தனர். அதிக கவனம் வேண்டியவர்களை, முகக்கவசம் அணிந்து வீடு தேடிச் சென்று பார்த்தனர். குளிகைகளும் திரிபோஷப் பொதிகளும் வீட்டுக்கே கொண்டு செல்லப்பட்டன. ஊரடங்குச் சட்டம் மருத்துவமனைக்குச் செல்வோரைத் தடுக்கவில்லை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவசமாக வரும் சுவசெரிய நோயாளர் வண்டி, வாகனம் இல்லாத வீடுகளுக்கு அந்நாட்களிற் பெருந்துணையாயிற்று.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. தொலைபேசி நலம் விசாரிக்கும். இரத்த அழுத்தத்தை அளக்காது. தாய் 'சுகமாயிருக்கிறேன்' என்று சொல்லக்கூடும். அவளுடைய சிறுநீர் வேறு சொல்லக்கூடும். ஆகவே, தொலைபேசியைக் கிளினிக்குக்குப் பதிலாகக் கொள்ளாது, கிளினிக்குக்கு அழைக்கும் கருவியாகவே கொள்ளுதல் வேண்டும். மருத்துவ மாது வீட்டுப் படலையிலே நின்று கூப்பிட்டபோது, நோயைக் கொண்டுவந்துவிடுவாளோ என்று அஞ்சித் திறவாதிருந்தவர் உளராயின், அவர்கள் தடுத்தது நோயையன்று, காவலை.

2021: தடுப்பூசியும் தயக்கமும்

2020 ஆம் ஆண்டைவிட 2021 ஆம் ஆண்டே நம் நாட்டுத் தாய்மாருக்குக் கொடியதாக அமைந்தது. மூன்றாவது அலையிலே கருவுற்ற தாய்மார் பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலே கருவுற்ற பெண்களுக்குத் தடுப்பூசி போடும் பணி இங்கு தொடங்கிற்று. ஆனால், வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் குடும்பங்களிலே குடிகொண்டிருந்தது.

அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் நீதியன்று. 1950 களின் இறுதியிலே, கர்ப்பகாலக் குமட்டலுக்கென மேலைநாடுகளில் விற்கப்பட்ட தலிடோமைட் என்னும் மருந்தினால், கைகால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கிற் பிறந்தன. அன்றுமுதல், புதிய மருந்து என்றால் கருவுற்றவளை விலக்கிவைத்தே சோதிப்பது வழக்கமாயிற்று. கொரோனாத் தடுப்பூசிகளின் முதற் பெருஞ் சோதனைகளிலும் கருவுற்ற பெண்கள் சேர்க்கப்படவில்லை. ஆதலால், 'போடலாமா?' என்று அவள் கேட்டபோது, வைத்தியரிடத்தும் தொடக்கத்திலே திடமான விடை இருக்கவில்லை. அவளைக் காப்பதற்காக விலக்கினர். விலக்கியதே அவளை நெடுநாள் காவலின்றி நிறுத்திற்று.

விடை பின்னர் வந்தது. பதினெட்டு நாடுகளிலே 2,000 க்கு மேற்பட்ட கருவுற்ற பெண்களை ஆராய்ந்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு, கொரோனா கண்ட தாய்மாருக்கு உயர் இரத்த அழுத்த நோயும் குறைமாதப் பிரசவமும் மரணமும் மற்றவரிலும் கூடுதலாக நேர்ந்தன எனக் காட்டியது. அமெரிக்காவிலே பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்தபோது, நோயுற்ற தாய்மாரிடத்தில் எண்பதில் ஒரு சிசுவும், நோயுறாதாரிடத்தில் நூற்றைம்பத்தைந்தில் ஒரு சிசுவும் இறந்து பிறந்தமை தெரியவந்தது. அஞ்ச வேண்டியது ஊசிக்கன்று, நோய்க்கே என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அடுத்த கொள்ளைநோய் வரும்போது, கருவுற்ற பெண்ணைக் குறித்த ஆராய்ச்சி கடைசியிலன்றி முதலிலேயே நடைபெற வேண்டும் என்பது உலகம் இதனாற் கற்க வேண்டிய பாடம்.

குடும்பத்தார் கடமை

அரசாங்கம் செய்ய வேண்டியன பல. எனினும், பிள்ளைத்தாய்ச்சி கிளினிக்குக்குப் போவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. கணவனும், தாயும், மாமியும் அங்கே நீதிபதிகளாகின்றனர். அன்னோர் மனத்திலே இருத்த வேண்டிய சிலவற்றைச் சொல்லி அமைவோம்.

கருவுற்ற செய்தியை ஊராருக்கு மறைத்தாலும் மருத்துவ மாதுக்கு மறையாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே பதிவு செய்யுங்கள். பதிவு அட்டையையும் மருத்துவ மாதின் தொலைபேசி இலக்கத்தையும் வீட்டார் யாவரும் அறிந்த இடத்திலே வையுங்கள். கிளினிக்கு நாள் தவறிவிட்டால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிராது, அன்றே அழைத்து வேறு நாள் கேளுங்கள்.

கடுந் தலையிடி, கண் மங்குதல், மேல்வயிற்று நோவு, முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, இரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல், மூச்சு முட்டுதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகிய இவற்றுள் யாதேனும் ஒன்று தோன்றினால், வெளியிலே எந்த நோய் உலாவினும், எந்தச் சட்டம் நிலவினும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலும் அவ்வாறே. கொரோனா அடங்கினாலும் டெங்கு நம்மை விட்டகலவில்லை. 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டிலே 186,000 க்கு மேற்பட்டோர் டெங்குவினாற் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. கருவுற்றவளுக்குக் காய்ச்சல் கண்டால் மூன்று நாள் பார்ப்போம் என்றிருத்தல் கூடாது. முதல் நாளே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

கொள்ளைநோய்கள் முன்னரும் வந்தன, இனியும் வரும். அப்போது பள்ளிக்கூடத்தை மூடுவோம், திருவிழாவைச் சுருக்குவோம், கல்யாணத்தைப் பிற்போடுவோம். பிற்போட முடியாத ஒன்றைச் சுமந்து நிற்பவளுக்கு மட்டும், கதவு திறந்திருக்கட்டும்.